ஐடி பேண்ட் இறுக்கம்: இழுப்பதோடு நிற்காமல் இடுப்பையும் பலப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஓட ஆரம்பிக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் முழங்காலின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச தூரத்தில் அது எரிச்சலாகி, அப்புறம் ஊசியால் குத்துவது போலாகி, காலை மடக்கவே பயமாகிவிடும். ஓட்டத்தை நிறுத்தி நடந்தால் சரியாகிவிடுகிறது. மறுநாள் படியிறங்கும்போது அதே இடத்தில் மறுபடியும் சுருக். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு ஓடிப் பார்த்தால், அதே மூன்றாவது கிலோமீட்டரில் அதே வலி காத்திருக்கும்.

"ஐடி பேண்ட் இறுகிவிட்டது, நன்றாக இழுத்துவிடு" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். காலையும் மாலையும் இழுத்தேன். தசையை அமுக்கிவிடும் ஃபோம் ரோலர் என்ற உருளையில் பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டேன். இரண்டு மாதம் போனது, வலி போகவில்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அது குறையத் தொடங்கியது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் இழுப்புப் பயிற்சிகளுக்கு ஒரு பங்கும், பலப் பயிற்சிகளுக்கு அதைவிடப் பெரிய பங்கும் கொடுத்திருக்கிறேன்.

## எது இறுகுகிறது?

ஐடி பேண்ட் என்பது இலியோடிபியல் பேண்ட் என்ற பெயரின் சுருக்கம். தொடையின் வெளிப்பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாகச் செல்லும் தடித்த இணைப்புத் திசுப் பட்டை அது. மேலே இடுப்பெலும்பின் விளிம்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு மேட்டில் போய் ஒட்டுகிறது. ஒற்றைக்காலில் நிற்கும்போதும் ஓடும்போதும் இடுப்பும் முழங்காலும் பக்கவாட்டில் சரியாமல் தாங்கிப் பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

முக்கியமான விஷயம், இது தசை அல்ல. தானாகச் சுருங்கவோ தளரவோ இதற்குத் தெரியாது. இதை மேலிருந்து இழுத்துப் பிடிப்பவை இரண்டு தசைகள். ஒன்று, இடுப்பின் முன்பக்க ஓரத்தில், கால்சட்டையின் பாக்கெட் இருக்கும் இடத்தில் உள்ள டென்சார் ஃபேசியா லேட்டா. இன்னொன்று, புட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்சிமஸ். தவிர, இந்தப் பட்டை தொடையெலும்போடு நெடுகிலும் பிணைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு கெட்டியான, எலும்போடு கட்டப்பட்ட ஒன்றைக் கையாலும் உடல் எடையாலும் இழுத்து நீளமாக்குவது நடக்கிற காரியம் அல்ல.

அப்படியானால் இழுத்த பிறகு கிடைக்கும் இதம் எங்கிருந்து வருகிறது? பட்டையோடு இணைந்த தசைகள் இளகுகின்றன. நரம்பு மண்டலமும் அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது. அந்த இதம் உண்மையானதுதான், பயனுள்ளதும்தான். ஆனால் சில மணி நேரத்தில் பழைய இறுக்கம் திரும்பிவிடுகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் பலவீனமாக இருந்தால், ஒவ்வொரு அடியிலும் அந்த வேலை பட்டையின் மேலும் டென்சார் தசையின் மேலும் விழுகிறது. தன் பங்கை மீறி உழைக்கும் தசை இறுகத்தான் செய்யும்.

இந்த வலியை 1975-ல் ரென் என்ற மருத்துவர் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி வீரர்களிடம் கண்டு எழுதினார். முழங்கால் மடங்கி நீளும்போது பட்டை முழங்காலின் வெளிப்பக்க எலும்புப் புடைப்பின் மேல் முன்னும் பின்னும் உரசுகிறது, அந்த உராய்வுதான் வலி என்பது வெகுகாலம் இருந்த விளக்கம். 2006-ல் ஃபேர்கிளஃப் குழுவினர் உடற்கூற்றை நெருங்கிப் பார்த்து வேறொரு விளக்கம் தந்தார்கள். பட்டை அந்த இடத்தில் எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருப்பதால் அப்படி முன்னும் பின்னும் உருள முடியாது. அதன் அடியில் நரம்பு முனைகள் நிறைந்த கொழுப்புத் திசு இருக்கிறது. முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும்போது பட்டை அந்தத் திசுவை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது.

இது தெரிந்தால் பல புதிர்கள் அவிழும். பாதம் தரையில் பட்டதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முழங்கால் இந்தக் கோணத்தைத்தான் கடக்கிறது. சரிவில் இறங்கும்போது வலி ஏன் கூடுகிறது, மெதுவான நீண்ட ஓட்டத்தைவிடச் சிறு தூரம் வேகமாக ஓடுவது சிலருக்கு ஏன் சுலபமாக இருக்கிறது என்பதற்கெல்லாம் காரணம் இந்தக் கோணம்தான். வலிக்கும் இடத்தில் ரோலரை வைத்து நசுக்குவது ஏன் தவறு என்பதும் இதிலேயே புரிந்துவிடும். ஏற்கெனவே அழுத்தத்தால் புண்பட்ட திசுவை நாமும் சேர்ந்து அழுத்தக் கூடாது.

## இது அந்த வலிதானா என்று பாருங்கள்

பயிற்சியைத் தொடங்கும் முன் இதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். முழங்காலின் வெளிப்பக்கத்தில், மூட்டு மடங்கும் கோட்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே எலும்பு லேசாகப் புடைத்திருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை 90 டிகிரி மடக்கி, அந்தப் புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே காலை மெதுவாக நீட்டுங்கள். கால் கிட்டத்தட்ட நேராகப் போகும் கட்டத்தில், அதாவது 30 டிகிரி அளவில், உங்களுக்குப் பழக்கமான அதே வலி எழுந்தால் ஐடி பேண்ட் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிசியோதெரபிஸ்டுகள் இதை நோபிள் சோதனை என்பார்கள்.

வலி சரியாக மூட்டுக் கோட்டிலேயே இருந்து, முழங்கால் வீங்கினாலோ, மாட்டிக்கொண்டது போல் பூட்டிக்கொண்டாலோ, அது மெனிஸ்கஸ் குருத்தெலும்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். கால் மரத்துப்போவதும் முதுகிலிருந்து இறங்கும் வலியும் நரம்பைச் சந்தேகிக்க வைப்பவை. எலும்பின் மேல் ஒரே புள்ளியில், ஓய்விலும் இரவிலும்கூட வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சிகள் காத்திருக்கட்டும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலி முழங்காலில் இல்லாமல் இடுப்பின் வெளிப்பக்கத்தில், தொடையெலும்பு புடைத்திருக்கும் இடத்தில் இருக்கிறதா? அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இரவில் தூக்கம் கெடுகிறதா? அதற்குப் பெரும்பாலும் புட்டத் தசைநாண்களின் எரிச்சல்தான் காரணம். அப்படிப்பட்டவர்கள் காலைக் குறுக்காகப் போட்டு இழுக்கும் பயிற்சிகளைச் செய்யவே கூடாது. செய்தால் தசைநாண் எலும்போடு அழுந்தி வலி கூடும். "இழுத்தும் சரியாகவில்லையே, இன்னும் இழுக்கணும்" என்று செய்து மோசமாக்கிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் இரண்டாம் படியை விட்டுவிட்டு, பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் பலப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

பட்டை இறுக்கமா என்று பார்க்க ஓபர் சோதனை என்று ஒன்று உண்டு. ஃபிராங்க் ஓபர் என்ற மருத்துவரின் பெயரால் வழங்குவது. ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல்காலைப் பின்னால் கொண்டுபோய்த் தளர்த்திவிடுவார்கள். கால் கீழே இறங்கவில்லை என்றால் பட்டை இறுக்கம் என்பார்கள். ஆனால் 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இறந்தவர்களின் உடலில் அந்தப் பட்டையையே வெட்டிப் பார்த்தார்கள். அப்போதும் கால் கூடுதலாக இறங்கவில்லை. புட்டத்தின் பக்கவாட்டுத் தசைகளையும் இடுப்பு மூட்டின் உறையையும் வெட்டியபோதுதான் இறங்கியது. ஆகவே இந்தச் சோதனையை வைத்து யாராவது "பட்டை குட்டையாகிவிட்டது" என்று சொன்னால் பயப்பட வேண்டாம்.

## படி 1: எரிச்சலை அடக்குதல் (முதல் வாரம், தேவைப்பட்டால் இரண்டு)

முழுப் படுக்கை ஓய்வு வேண்டாம். வலியைக் கிளப்பும் காரியங்களை மட்டும் நிறுத்துங்கள். ஓட்டம், மலை ஏற்ற இறக்கம், நீண்ட சைக்கிள் பயணம், ஆழமாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ஆகியவைதான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வரும். சமதரையில் வலியில்லாமல் நடக்க முடிந்தால் நடங்கள். நீச்சல் தெரிந்தவர்கள் நீந்தலாம். தவளைபோல் காலை உதைக்கும் பாணியை மட்டும் தவிர்த்து, கையை அதிகம் பயன்படுத்துங்கள்.

வலி அதிகமான நாட்களில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அது வலியை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரே குரல் அந்த வலிதான்.

பயிற்சி செய்யும்போது ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாததை 0 என்றும் தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்தால், 2 வரை பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் முந்தைய நாள் செய்தது அதிகம். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தசையில் ஏற்படும் களைப்பும் கதகதப்பும் இந்தக் கணக்கில் வராது. முழங்காலின் அந்தப் புள்ளியில் வரும் வலியை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

## படி 2: இழுப்புப் பயிற்சிகள்

குளிர்ந்த உடம்பை இழுக்காதீர்கள். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றையும் 30 நொடி பிடித்து, ஒரு பக்கத்துக்கு மூன்று முறை செய்தால் போதும். மூச்சை அடக்கக் கூடாது. நீளமாக மூச்சு விடும்போதுதான் தசை இளகும். கீழே எல்லாம் வலது பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன், இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நின்றபடி குறுக்குக்கால் இழுப்பு. சுவர் பக்கத்தில் நில்லுங்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம். வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்காகக் கொண்டுபோய் ஊன்றுங்கள். வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, உடம்பை இடது பக்கம் சாயுங்கள். அதே சமயம் வலது இடுப்பை வலது பக்கமாகத் தள்ளுங்கள். இழுப்பு இடுப்பின் ஓரத்தில் தெரிய வேண்டும். இதில் எல்லோரும் செய்யும் தவறு முன்னால் குனிவது. குனிந்துவிட்டால் இழுப்பு முதுகுக்குப் போய்விடும். முன்னும் பின்னும் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே நிற்பதாக நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் சாயுங்கள். கையை உயர்த்துவதை விட்டுவிடாதீர்கள், அது இழுப்பை நன்றாகவே கூட்டுகிறது.

அரை மண்டி இழுப்பு. என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யட்டும். டென்சார் தசைக்கு நேராகப் போவது இதுதான். வலது முழங்காலை ஒரு தலையணையின் மேல் ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். உடனே முன்னால் சாய்ந்துவிடாதீர்கள். முதலில் வலது புட்டத்தை இறுக்கி, கீழ் முதுகின் வளைவு குறையும்படி இடுப்பை உள்வாங்குங்கள். அதிலேயே வலது தொடையின் மேற்புறம் இழுக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் வலது கையை உயர்த்தி, உடம்பை லேசாக இடது பக்கம் சாயுங்கள். இடுப்பை உள்வாங்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போனால் முதுகுதான் வளையும், தசை இளகாது.

நான்கு வடிவ இழுப்பு. மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முழங்காலின் மேல் வைத்து, இடது தொடையை இரு கைகளாலும் நெஞ்சை நோக்கி இழுங்கள். வலது புட்டத்தில் இழுப்பு தெரியும். முழங்காலில் வலி வந்தால் இழுப்பைக் குறையுங்கள்.

துண்டு கொண்டு இழுத்தல். மல்லாந்து படுத்து, ஒரு நீளமான துண்டை வலது பாதத்தில் மாட்டி, காலை நேராக மேலே தூக்குங்கள். அப்படியே உடலின் நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் கொஞ்சம் கொண்டுபோங்கள். வலது இடுப்பு தரையை விட்டு எழும்பினால் அதிக தூரம் போய்விட்டீர்கள்.

ஃபோம் ரோலரைத் தூக்கிப் போட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். பட்டையின் மேலேயே உருளாமல், அதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ள தொடைத் தசையிலும், புட்டத்திலும், இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்றுக் கீழே உள்ள டென்சார் தசையிலும் உருளுங்கள். டென்சார் சிறிய தசை என்பதால் ரோலரைவிட டென்னிஸ் பந்து வசதி. பந்தை அங்கே வைத்துக் குப்புறப் படுத்து மெதுவாக எடையைச் சாய்க்கலாம். ஓர் இடத்துக்கு ஒரு நிமிடம் போதும். பல்லைக் கடிக்க வேண்டிய அளவுக்கு வலித்தால் தசை தளராது, இன்னும் விறைக்கும். முழங்காலுக்கு மேல் ஒரு கையகல இடத்தை விட்டுவிடுங்கள்.

## படி 3: இடுப்புக்குப் பலம்

2000-ல் ஃபிரெடெரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்த வலியைப் பார்க்கும் கோணத்தையே மாற்றியது. வலி இருந்த 24 நெடுந்தூர ஓட்டக்காரர்களைச் சோதித்தபோது, வலிக்கும் காலின் பக்கத்தில் இடுப்பைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைகள் பலவீனமாக இருந்தன. அந்தத் தசைகளைக் குறிவைத்து 6 வாரம் பயிற்சி கொடுத்த பிறகு 22 பேர் வலியில்லாமல் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். பலவீனம் வலிக்குக் காரணமா, வலியால் வந்த விளைவா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் ஓட்டக்காரர்களுடன் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்டுகள் இன்றும் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

வாரத்தில் மூன்று நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். பலவீனமான பக்கத்தில் தொடங்கி, அந்தப் பக்கத்தால் எத்தனை முடிகிறதோ அத்தனை மட்டும் மறுபக்கத்திலும் செய்யுங்கள்.

### முதல் கட்டம்: தரையில் படுத்து (1 முதல் 2 வாரம்)

பக்கவாட்டில் கால் தூக்குதல். பார்க்க எளிது, சரியாகச் செய்வது கடினம். சுவருக்கு முதுகைக் காட்டி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். இடது காலை மடக்கிக்கொள்ளுங்கள். வலது காலை நேராக வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி லேசாகப் பின்னால் கொண்டுபோங்கள். கால்விரல்கள் மேலே பார்க்காமல் நேராகவோ கொஞ்சம் தரையை நோக்கியோ இருக்கட்டும். இப்போது குதிகால் சுவரை உரசியபடியே காலை மேலே தூக்கி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடி எடுத்து இறக்குங்கள்.

சுவர் எதற்கு என்றால், நம் உடம்பு சுலபமான வழியைத் தேடும். கால் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலே டென்சார் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். ஏற்கெனவே இறுகிக்கிடப்பதே அதுதான். குதிகால் சுவரை விட்டு விலகினால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாக்கெட் இருக்கும் இடத்தில் எரிச்சல் தெரிந்தால் தவறு. புட்டத்தின் பக்கவாட்டில், பின் ஓரமாகத் தெரிந்தால் சரி. 10 முறை கொண்ட இரண்டு சுற்றில் தொடங்கி, 15 முறை கொண்ட மூன்று சுற்று வரை போங்கள்.

சிப்பி திறப்பு. ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களை ஒட்டியபடியே மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுவது. இடுப்பு பின்னால் உருளக் கூடாது. சுலபமாகிவிட்டால் முழங்காலுக்கு மேல் வளையம் போன்ற எலாஸ்டிக் பேண்ட் மாட்டிக்கொள்ளுங்கள். 15 முறை, மூன்று சுற்று.

பிரிட்ஜ். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. மேலே மூன்று நொடி நில்லுங்கள். பின்தொடையில் பிடிப்பு வந்தால் பாதங்களை உடம்புக்கு அருகே கொண்டுவாருங்கள். 12 முறை, மூன்று சுற்று.

முழங்கால் ஊன்றிய பக்கவாட்டுப் பிளாங்க். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் மடக்கிய முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி, உடம்பை நேராகப் பிடிப்பது. ஒரு பக்கத்துக்கு 20 நொடி, மூன்று முறை. நாட்கள் போகப்போக 40 நொடி வரை.

### இரண்டாம் கட்டம்: நின்று (3 முதல் 5-வது வாரம்)

படுத்துச் செய்வது அடித்தளம்தான். ஓடும்போது தசை ஒற்றைக்காலில் உங்கள் எடை முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. அதைப் படுக்கையில் கற்றுக்கொள்ள முடியாது.

இடுப்பு இறக்கி ஏற்றுதல் இந்தக் கட்டத்தின் உயிர்நாடி. ஒரு தாழ்ந்த படியின் ஓரத்தில் வலது காலால் மட்டும் நில்லுங்கள், இடது கால் வெளியே தொங்கட்டும். வலது முழங்காலை மடக்காமல், இடது இடுப்பை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கவிட்டு, வலது புட்டத்தின் பலத்தால் மறுபடி மேலே கொண்டுவாருங்கள். அசைவு சில சென்டிமீட்டர்தான் இருக்கும். பத்து முறை சரியாகச் செய்தாலே நின்ற காலின் இடுப்பு ஓரம் கதகதக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இடுப்பு எதிர்ப்பக்கம் சரியாமல் தாங்க வேண்டிய அதே தசை, அதே வேலை. 12 முறை, மூன்று சுற்று.

பக்கவாட்டு நடை. எலாஸ்டிக் பேண்டைக் கணுக்காலுக்கு மேல் மாட்டி, முழங்கால்களை லேசாக மடக்கிப் பக்கவாட்டில் 10 அடி எடுத்துவைத்துப் போய், அதேபோல் 10 அடி திரும்பி வாருங்கள். பாதங்கள் நேராக முன்னோக்கியே இருக்கட்டும். உடம்பு இடமும் வலமும் ஆடினால் பேண்ட் உங்களுக்கு அதிகக் கடினம்.

படியிறக்கம். 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படியில் வலது காலால் நின்று, இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, ஏறுங்கள். இதைக் கண்ணாடி முன் நின்றுதான் செய்ய வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, எதிர்ப்பக்க இடுப்பு தொங்குகிறதா என்று பாருங்கள். முழங்கால் இரண்டாவது கால்விரலின் நேர்கோட்டில் போக வேண்டும். இந்தப் பயிற்சி வலி வரும் கோணத்தை நேராகக் கடப்பதால், வலி எழுந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். உயரத்தைக் குறைக்க ஒரு தடித்த புத்தகம்கூடப் போதும். 8 முறை, மூன்று சுற்றில் ஆரம்பியுங்கள்.

இவற்றோடு ஒற்றைக்கால் பிரிட்ஜையும், காலை நீட்டிய முழுப் பக்கவாட்டுப் பிளாங்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

### மூன்றாம் கட்டம்: எடையும் துள்ளலும் (6-வது வாரத்திலிருந்து)

ஒற்றைக்காலில் நின்று இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிரும் ஒற்றைக்கால் டெட்லிஃப்ட், ஒரு கால் முன் ஒரு கால் பின் வைத்த ஸ்பிளிட் ஸ்குவாட், நாற்காலியில் ஒற்றைக்காலால் உட்கார்ந்து எழுவது ஆகியவை இங்கே வரும். கையில் எடை பிடித்துக்கொண்டு, 6 முதல் 8 முறைக்கு மேல் முடியாத அளவுக்குக் கடினமாகச் செய்யுங்கள். பலம் வேண்டுமென்றால் சுமை ஏற வேண்டும். லேசான பேண்டை வைத்து நூறு முறை கால் தூக்கிக்கொண்டே இருப்பது களைப்பைத் தரும், பலத்தைத் தராது. கடைசியாக நின்ற இடத்திலேயே இரண்டு கால் துள்ளல், அப்புறம் ஒற்றைக்கால் துள்ளல், 10 முறை வீதம்.

## படி 4: ஓட்டத்துக்குத் திரும்புதல்

வாரக் கணக்கை விடுங்கள், கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 30 நிமிடம் வேகமாக நடந்து வலியில்லை, படியிறக்கம் 15 முறை முழங்கால் சாயாமல் வலியில்லாமல் வருகிறது, ஒற்றைக்காலில் 10 முறை துள்ள முடிகிறது. இந்த மூன்றும் சரியென்றால் ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. சமதரையில் மட்டும். அடுத்த நாள் ஓடாதீர்கள். வலி இல்லாமல் இரண்டு முறை முடித்த பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஏற்றுங்கள். தொடர்ந்து 20 நிமிடம் ஓட வந்த பிறகுதான் தூரத்தைக் கூட்ட வேண்டும். அதற்கும் பிறகுதான் மேடு பள்ளம். இறக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஓரம் சரிந்த சாலையில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுவதும், ஓட்டத் தடத்தில் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருப்பதும் ஒரு காலுக்கு மட்டும் சுமையைக் கூட்டும். திசையை மாற்றி மாற்றி ஓடுங்கள்.

ஓடும் முறையில் இரண்டே மாற்றங்களை முயன்று பாருங்கள். முதலாவது, அடிகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168-க்கு வாருங்கள். இரண்டாவது, ஒரே கயிற்றின் மேல் நடப்பது போல் பாதங்களைக் குறுக்கே வைத்து ஓடும் பழக்கம் இருந்தால், கால்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவது. குறுகலாக அடி வைக்கும்போது பட்டையின் மேல் இழுவிசை கூடுகிறது. ஒரு கோட்டின் இரு பக்கமும் பாதம் படுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முதல் சந்தேகம் இருக்கையின் உயரத்தின் மேல் வரட்டும். இருக்கை அதிக உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி நீண்டு, அந்த 30 டிகிரியைக் கடந்து போய் வருகிறது. சில மில்லிமீட்டர் இறக்கிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். பெடலோடு பூட்டும் ஷூ என்றால், அதன் அடித்தகடு கால்விரல்களை உள்பக்கம் திருப்பி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தால் பலருக்கும் நல்ல மாற்றம் தெரியும். அதற்குப் பிறகும் வலி அசையவில்லை என்றால், அல்லது நடுவிலேயே கூடிக்கொண்டு போனால், பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். நீங்கள் ஓடுவதை வீடியோ எடுத்துக் கொண்டுபோனால் அவருக்கு உதவியாக இருக்கும். சிலருக்கு மருத்துவர் ஊசி மருந்தைப் பரிந்துரைப்பார். அறுவை சிகிச்சை வரை போவது அரிது.

ஓட்டத்துக்குத் திரும்பிய பிறகு இழுப்புப் பயிற்சியைப் பிடித்தால் செய்யுங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஆனால் இடுப்பு இறக்கி ஏற்றுதல், படியிறக்கம், ஒற்றைக்கால் டெட்லிஃப்ட் மூன்றையும் வாரம் இரண்டு நாள் விடாமல் செய்யுங்கள். இருபது நிமிட வேலை. ஓட்டத்தின் நடுவே என்றாவது அந்தப் பழைய சுருக் எட்டிப் பார்த்தால் "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று போகாமல் அங்கேயே நின்று, நடந்து வீடு திரும்புங்கள். இரண்டு நாள் விட்டு, பாதித் தூரத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம். ஆரம்பத்திலேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். வலியோடு அந்த ஒரு கிலோமீட்டரை ஓடி முடித்தால் பல வாரம் பின்னால் போக வேண்டிவரும்.